துருத்திக் குழி

சாந்தங்குடிக் கோயிலில் ஆர்கன் இருக்கிறது என்று சொன்னால் மாயவரத்துக்காரன் சிரிப்பான். "ஏன்யா, ஆர்மோனியப் பெட்டியத்தானே சொல்ற?" என்பான். ஆர்மோனியம் இல்லையப்பா, ஆர்கன். குழல் ஆர்கன். ஈயக் குழலும் மரக் குழலுமாக ஆள் உயரம், அதற்கும் மேலே என்று வரிசை வரிசையாக நிற்கும். வாத்தியார் முன்னால் உட்கார்ந்து கட்டையை அழுத்தினாரென்றால் கோயில் ஓடெல்லாம் அதிரும். வீரசோழன் ஆற்றுக்கு அந்தக் கரையில் களை பறிக்கிற பொம்பளைகள்கூட இடுப்பை நிமிர்த்திக் கேட்பார்கள்.

அத்தனை குழலுக்கும் காற்று எங்கேயிருந்து வருகிறது என்று மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லை. ஜெக்கரியாவின் காலிலிருந்து வந்தது.

ஆர்கனுக்குப் பின்சுவரை ஒட்டிக் கீழே ஒரு குழி. நாலு படி இறங்க வேண்டும். உள்ளே ஆட்டுத்தோல் வைத்துத் தைத்த பெரிய துருத்தி, அதை மிதிக்க ரெண்டு மரக்கட்டை. இடது காலை அழுத்தினால் வலது கட்டை எழும்பும், வலதை அழுத்தினால் இடது எழும்பும். வயலில் தழை மிதிக்கிற மாதிரிதான், பெரிய வித்தையெல்லாம் ஒன்றுமில்லை. காலுள்ளவன் எவன் வேண்டுமானாலும் மிதிக்கலாம். ஆனால் அந்தக் குழிக்குக் கோயிலுக்குள்ளேயிருந்து வழி கிடையாது. வெளியே, தண்ணீர் வடிகிற சந்துப் பக்கம்தான் கதவு. மிதிக்க வருகிற சேரி ஆள் கோயிலுக்குள் கால் வைத்துப் போகக் கூடாதென்று கட்டும்போதே யோசித்துக் கட்டிய கதவு. இயேசுநாதர் எல்லோருக்கும் பொது என்று உள்ளே பிரசங்கம் நடக்கும். அதற்கப்புறம் வருகிற பாட்டுக்குச் சந்து வழியாகக் காற்று போகும். எப்படி இருக்கிறது நியாயம்!

இப்போது இருப்பது மூன்றாவது ஆர்கன். முதலாவதை வெள்ளைக்கார ஐயர் ஒருத்தர் தரங்கம்பாடியில் கப்பலிலிருந்து இறக்கினார். அந்தச் சபையில் பாதிரியாரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள்; பூணூல் போட்டவரென்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பாதை கிடையாது, பாலம் கிடையாது. மூங்கிலில் கட்டிச் சேரிக்காரர்கள்தான் இடுப்பளவு தண்ணீரில் தோளில் தூக்கி வந்தார்கள். கரையான் அதை இரண்டு மழைக்காலத்தில் தின்று தீர்த்தது.

இரண்டாவது, மிராசுதார் துரைராசு பிள்ளையின் தாத்தா சீமையிலிருந்து வரவழைத்தது. அதைத்தான் ஐம்பத்திரண்டாம் வருஷப் புயல் அடித்தது. மணிக்கூண்டு சாய்ந்து ஆர்கன் மேல் விழுந்து, குழலெல்லாம் பறந்து நடவு வயலில் போய்ச் சொருகிக்கொண்டது. சேரிப் பிள்ளைகள் சேற்றில் தடவித் தடவி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார்கள். மிச்சக் குழல் எங்கேடா என்று பிள்ளையின் ஆட்கள் அவர்களையே அடித்தார்கள்.

மூன்றாவதைத் துரைராசு பிள்ளையே வாங்கினார். மலைமேல் ஓரிடத்தில் வெள்ளைக்காரர்கள் தங்கள் கோயிலைப் பூட்டிவிட்டுக் கப்பலேறினபோது லாரி பிடித்துக் கொண்டுவந்து இறக்கினார். அதில் பித்தளைத் தகடு ஒன்று பதித்து, அவர் பெயர், அவர் அப்பா பெயர், தாத்தா பெயர் எல்லாம் வெட்டியாயிற்று. முதல் ஆர்கனிலிருந்து மிதித்து வந்தது ஜெக்கரியாவின் குடும்பம். தாத்தா, அப்பா, அப்புறம் ஜெக்கரியா. தகட்டில் அவர்களுக்கு இடம் போதவில்லை போலிருக்கிறது.

ஜெக்கரியாவுக்குப் பெண்டாட்டி பொன்னுத்தாய். ஞானஸ்நானப் பெயர் ரெபெக்காள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். ஒரே மகள், ஜெயா.

*

கோட்டையில் காங்கிரஸ் போய்க் கழகம் வந்த புதிது. துரைராசு பிள்ளை கதர் வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுக் கறுப்பு சிவப்புக் கரை வேட்டிக்கு மாறிய சமயம். அந்த வருஷம் தஞ்சாவூர் ஜில்லா முழுக்க அறுவடைக் கூலிக்குச் சண்டை. சாந்தங்குடிச் சேரியிலும் செங்கொடி ஏறியது. அளக்கிற கூலியில் அரைப்படி கூட்டிக் கேட்டார்கள். பதினெட்டு வேலி நிலம் வைத்திருந்த பிள்ளைக்கு அரைப்படி கொடுக்க மனசு வரவில்லை. வெளியூர் ஆளைக் கொண்டுவந்து வயலில் இறக்கினார்.

"ஞாயித்துக்கிழமை எனக்குக் காத்து மிதிக்கிற, திங்கக்கிழமை எனக்கு எதிரா கொடி பிடிக்கிற. என்னடா ஜெக்கரியா இது?" என்று கேட்டார் பிள்ளை.

"ஞாயித்துக்கிழமை ஆண்டவருக்கு மிதிக்கிறேன்" என்றான் ஜெக்கரியா. "திங்கக்கிழமை எம் புள்ளைக்கு."

பேச்சு அழகாகத்தான் இருந்தது. அதற்குக் கிடைத்தது இரும்புத் தடி. வெளியூர் ஆள் அறுக்க இறங்கின வயலில் குறுக்கே போய் நின்றவனை வாய்க்காலில் தள்ளி அடித்தார்கள். மாயவரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே வண்டியில் உயிர் போயிற்று. விசாரிக்க வந்த போலீஸிடம், "பனைமரத்துலேருந்து விழுந்தான்" என்றார் பிள்ளை. ஐயரும் தலையை ஆட்டினார். ஜெக்கரியா பிறந்ததிலிருந்து பனைமரத்தில் ஏறினவனில்லை. அது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரிந்து என்ன?

பொன்னுத்தாய் அன்றைக்கு அடித்துக்கொண்டு அழுதாள். ஆனால் அவள் வயிற்றில் தீ பிடித்தது அதற்கப்புறம்தான்.

சாந்தங்குடிக் கோயிலில் ஒரு வழக்கம். பிள்ளைத் தெருவில் சாவென்றால் பெட்டி பெரிய வாசல் வழியாக உள்ளே வரும், ஆர்கன் அடக்கப் பாட்டு வாசிக்கும். சேரிச் சாவென்றால் பெட்டி பக்கவாட்டு வாசலோடு சரி. வெறும் வாய்ப்பாட்டு. ஆர்கன் மூடிக் கிடக்கும். அப்படி எந்த வேதத்தில் எழுதியிருக்கிறதென்று யாரும் காட்டினதில்லை.

பொன்னுத்தாய் தலைவிரி கோலமாகப் பக்கவாட்டு வாசலில் பிள்ளை முன்னால் போய் நின்றாள்.

"ஒங்க தெருவுல செத்த அத்தனை பேரையும் எம் புருசன்தாங்க காலால மிதிச்சு மோட்சத்துக்கு ஏத்துனாரு. அவருக்கு ஒரே ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லுங்க. நானே எறங்கி மிதிக்கிறேன். வேற ஒண்ணும் கேக்கல."

பிள்ளை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "இந்தா பாரு. ஆர்கன் எங்க குடும்பம் வச்சது. சேரிச் சாவுக்கு அது சத்தம் குடுக்காது. இன்னிக்கு ஒனக்கு விட்டா நாளைக்கு எல்லாவனும் கேப்பான். வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"ஐயரே, நீங்களாச்சும் சொல்லுங்களேன்" என்று ஐயர் பக்கம் திரும்பினாள். ஐயர் வேதப் புத்தகத்தில் எதையோ தேடினார். சாலமோன் வாத்தியார்தான் ஆர்கன் வாசிக்கிறவர். பள்ளிக்கூட வாத்தியார், வெளியூர்க்காரர், சபை கொடுக்கிற சம்பளத்தில் சாப்பிடுகிறவர். அவர் மூடிய ஆர்கன் பக்கத்தில் நின்று அழுதார். அழுது என்ன செய்ய? பெட்டி பக்கவாட்டு வாசலிலிருந்தே திரும்பிப் போயிற்று.

மண் போட்டுவிட்டு வரும்போது பொன்னுத்தாய் பிள்ளை வீட்டு வாசலில் நின்றாள். ஞானஸ்நானம் வாங்கிய கையால் தெருமண்ணை வாரி மூன்று தடவை தூற்றினாள். "ஒன் சாவுக்கும் அது வாயத் தொறக்காதுடா" என்றாள். சொன்னதோடு நில்லாமல், அதை எப்படிச் செய்வது என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழிக்குள் இறங்கியது யாரென்று நினைக்கிறீர்கள்? பொன்னுத்தாயேதான்.

சேரி கொதித்துவிட்டது. "த்தூ, வெக்கங்கெட்டவளே" என்றான் ஜெக்கரியாவின் சித்தப்பா மகன் ஐயாவு. சங்கத்தில் முன்னால் நிற்கிறவன். "புருசனக் கொன்னவனுக்குப் போயிக் காத்து மிதிக்கிறியே, ஒனக்குச் சோறு எறங்குதா?"

"எறங்குது" என்றாள். "நீ ஒன் வேலையப் பாரு."

 ஐயாவு அவளோடு பேச்சை நிறுத்தினான். கல்யாணம் காட்சிக்கு வெற்றிலை வைக்கிறவர்கள் அவள் வீட்டைத் தாண்டிப் போனார்கள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். பகலெல்லாம் நடவு, களை, அறுப்பு. ஞாயிற்றுக்கிழமை குழி. ஆனி ஆடியில் உள்ளே மூச்சு முட்டும். மழைக்காலத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும், தவளை காலில் ஏறும். வாத்தியார் கயிற்றை இழுத்தால் அவள் தலைக்கு மேலே சின்ன மணி அடிக்கும், மிதிக்க வேண்டும். மறுபடி அடித்தால் நிறுத்த வேண்டும். மிதிக்கும்போதெல்லாம் மனசுக்குள் ஒரே நினைப்பு. ஒரு நாள் துரைராசு பிள்ளை பெட்டியில் கிடப்பான். பிஷப்பு வந்திருப்பார். மணி அடிக்கும். நான் மிதிக்க மாட்டேன். கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. மற்றப் பொம்பளைகள் மகள் கல்யாணத்தை நினைத்துக்கொண்டு வேலை செய்வதில்லையா, அந்த மாதிரி அவள் பிள்ளையின் அடக்கத்தை நினைத்துக்கொண்டு மிதித்தாள்.

வருஷங்கள் போயின. கழகம் ரெண்டாம் தடவையும் ஜெயித்தது. பிள்ளைக்கு நெஞ்சு வலி வந்தது. தஞ்சாவூர் பெரிய டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். பொன்னுத்தாய் அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்துத் தின்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியேறி வந்தால், சந்தில் பிள்ளை நிற்கிறார். கையில் தடி. பிறந்ததிலிருந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷன்.

"பொன்னுத்தாயா?"

"ஆமாங்க."

"கால் வலிக்கலியா ஒனக்கு?"

"பழகிப் போச்சுங்க."

"நல்ல மிதி ஒனக்கு. ஒங்க ஆளவிட நல்ல மிதி. சுருதி எறங்குறதே இல்ல" என்றார். சாகப்போகிறவனுக்கு வருகிற கனிவு இருக்கிறதே, அது அவர் முகத்தில் கொஞ்சம் தெரிந்தது. "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் ஆசை. நம்ம அடக்கத்தன்னிக்கு நம்ம ஆர்கன் நல்லா வாசிக்கணும். எங்க தாத்தாவுக்கு வாசிச்சுது, அப்பாவுக்கு வாசிச்சுது. நீதானே மிதிக்கணும் எனக்கும்?"

'ஆகட்டுங்க' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அத்தனை வருஷம் அடக்கிவைத்த நாக்கு அன்றைக்குப் பார்த்துச் சறுக்கிவிட்டது.

"மிதிக்காம? அந்த ஒரு நாளுக்காகத்தானேங்க இந்தக் குழிக்குள்ளயே கெடக்கேன்."

பிள்ளை அவளைப் பார்த்தார். கண்ணை எடுக்காமல் பார்த்தார். ஊரை ஆண்ட மனுஷனுக்கு ஒரு வார்த்தை போதாதா? "அப்படியா" என்றார். தடியை ஊன்றித் திரும்பி நடந்துகொண்டே இன்னொரு தடவையும் "அப்படியா" என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

அடுத்த மாசமே மெட்ராஸிலிருந்து மெக்கானிக் வந்தான். துருத்தியோடு ஒரு மோட்டாரைப் பொருத்தினான். சுவிட்சைத் தட்டினால் 'உய்ய்' என்று காற்று ஏறியது. மிதிகட்டைகளைக் கழற்றவா என்று கேட்டதற்கு, கிடந்துவிட்டுப் போகட்டும் என்றார் ஐயர். அன்றைக்குப் பிள்ளை கரை வேட்டி கட்டிக்கொண்டு கோயில் முன்னால் பேசினார்.

"கழக ஆட்சியில குக்கிராமத்துக்கெல்லாம் கரண்டு வந்துடுச்சு. ஆண்டவரோட ஆலயத்துல ஒரு ஏழை விதவை குழிக்குள்ள நின்னு கஷ்டப்படறது என் மனசுக்கு ஒப்பல. இன்னியோட பொன்னுத்தாய்க்கு விடுதலை!"

ஊரே கைதட்டியது. ஐயாவுகூட, "தொலைஞ்சுது சனியன், இனிமேயாச்சும் மானத்தோட இரு" என்று அவளோடு மறுபடி பேச ஆரம்பித்தான். பொன்னுத்தாய் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். புருஷன் செத்தன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. "ஏமாத்திட்டான்டி. படுபாவி, சாகும்போதும் ஜெயிச்சுட்டுப் போகப் போறான்டி" என்று ஜெயாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஜெயாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அன்றைக்குத்தான் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

*

துரைராசு பிள்ளை ஐப்பசி அடைமழையில் செத்தார். அதற்கு மேல் ஒரு புயல் வேறு. ஆற்றில் கரை முட்டத் தண்ணீர், சம்பாப் பயிரெல்லாம் முழுகிக் கிடக்கிறது. ரோட்டோரப் புளியமரம் சாய்ந்து கம்பிமேல் விழுந்து கரண்டு போய்விட்டது. "மழை விட்டாத்தான் மேலே ஏற முடியும்" என்று லைன்மேன் சொல்லிவிட்டான்.

பொன்னுத்தாய் வீட்டு முற்றத்துக்கே கெண்டைக் குஞ்சு ஏறி வந்தது. வலைகூட வேண்டியிருக்கவில்லை, கூடையால் அள்ளினாள். சேதி கேட்ட பிறகும் உட்கார்ந்து மீனை ஆய்ந்து, புளி கரைத்து, குழம்பு கொதிக்கிற மணம் தெருக்கோடிவரை அடிக்க வைத்தாள். சாப்பிடத்தான் முடியவில்லை. செத்துவிட்டான். மோட்டார் போட்டுக்கொண்டு செத்துவிட்டான். ஆர்கன் ஜம்மென்று வாசிக்கும். சட்டிக் குழம்பு அப்படியே ஆறிக் கிடந்தது.

மத்தியானம் பண்ணைக் காரியக்காரர் குஞ்சிதபாதம் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"பொன்னுத்தாயி, சீக்கிரம் வா. சின்னவரு கூப்பிடறாரு. கோயில்ல மிதிக்கணும்."

 பொன்னுத்தாய் அகப்பையை நிதானமாகக் கீழே வைத்தாள்.

"மோட்டார் எங்க போச்சு?"

"கரண்டு இல்லியே."

"கரண்டு வந்துடுச்சு, எனக்கு விடுதலைன்னு கைதட்டுனீங்களே?"

"பேச்சுக்கு நேரமில்லம்மா. பிஷப்பு வந்து ஒக்காந்திருக்காரு. கட்சியிலேருந்து மாவட்டச் செயலாளரே மாலையோட வந்து நிக்கிறாரு. அங்க கல்லறையில வெட்டின குழியில ஊத்தெடுத்துக்கிட்டே இருக்கு, ஒங்க ஆளுங்க எறைச்சு எறைச்சுக் கை ஓஞ்சு போச்சுங்கிறானுங்க. பெட்டிய எவ்வளவு நேரம் வச்சிருக்கறது?"

"அதுல என்னங்க வித்தை இருக்கு? காலு உள்ளவங்க யாரு வேணா மிதிக்கலாம். நீங்க எறங்கறது."

"நானா?" குஞ்சிதபாதம் குடையோடு ரெண்டடி பின்னால் போனார். "வெளையாடறியா? அந்தக் குழியில நான் எப்படி எறங்க முடியும்?"

"அப்ப சின்னவரு?"

"வாயக் கழுவு!"

பொன்னுத்தாய் சிரித்துவிட்டாள். சாக்கை மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். ஜெயா அவள் கையைப் பிடித்தாள். "அம்மா, வம்பு வேணாம்மா. மிதிச்சுட்டு வந்துடு. சட்டம் என்னத்தச் சொன்னாலும் நாளைக்கு இந்த மனையவுட்டு நம்மளக் காலி பண்ணச் சொன்னா எங்க போறது?"

"நீயும் வாடி" என்றாள் பொன்னுத்தாய்.

*

கோயிலுக்குள் ஈர வேட்டியும் ரோஜா மாலையும் வத்தி மணமுமாக ஒரே நெரிசல். தேக்குப் பெட்டியில் பிள்ளை படுத்திருந்தார். பண்ணையில் சின்னவர் என்று கூப்பிடுகிற மூத்த மகன் எட்வர்டு வெள்ளை ஜிப்பாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். பொன்னுத்தாய் குழிக்குள் இறங்கவில்லை. பக்கவாட்டு வாசலில் வந்து நின்றாள்.

"இங்க என்ன நிக்கிற? எறங்கு" என்றார் எட்வர்டு.

"ஆச்சிகிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

பிள்ளையின் சம்சாரம் சௌந்தரநாயகி ஆச்சி எழுந்து வந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஏண்டி பொன்னுத்தாயி, இந்த நேரத்துல என்னடி? அவரு கடைசியா சொன்னதே இதுதான். ஆர்கன் ஆர்கன்னுட்டே போனாரு. அவரு ஆசையக் கெடுத்துடாதடி."

"எனக்கும் ஒரு ஆசை இருந்துச்சுங்க ஆச்சி. இதே எடத்துல நின்னு கேட்டேன். அன்னிக்கு நீங்களும் உள்ளே முக்காடு போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தீங்க."

ஆச்சி முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

"மொதல்ல எம் புருசனுக்கு வாசிக்கச் சொல்லுங்க. ஐயரு அவரு பேரச் சொல்லணும். அடக்கப் பாட்டு முழுசா வாசிக்கணும். எல்லாரும் எந்திரிச்சு நிக்கணும். நான் மிதிக்கிறேன்."

"செத்து எத்தினி வருசம் ஆச்சுடி அவன்!"

"எனக்கு இன்னம் பொதைக்கலீங்க ஆச்சி."

எட்வர்டு பாய்ந்து வந்தார். "என்ன திமிரு ஒனக்கு? எங்கப்பா பெட்டி கெடக்கு, அந்தப் பயலுக்கு நாங்க எந்திரிச்சு நிக்கணுமா? பொழுது விடியறதுக்குள்ள ஒன் குடிசையப் பிரிச்சு எறிஞ்சுடுவேன்."

"பிரிங்களேன் பாப்போம்" என்றாள். "குடியிருக்கறவங்களுக்கே மனை சொந்தம்னு சட்டம் வந்தாச்சுங்க. எங்க பேருக்கு ஆயி மாசமாவுது. ஒங்கப்பா கட்சி போட்ட சட்டந்தான். மாவட்டம் அந்தாண்ட நிக்கிறாரு, வேணும்னா அவரையே கேளுங்க."

கறுப்பு சிவப்புத் துண்டு போட்ட மாவட்டம் வேறு பக்கம் பார்த்தார். அதற்குள் கல்லறைத் தோட்டத்திலிருந்து ஐயாவு சேறும் சகதியுமாக வந்து, "இதுக்கு மேல எறைக்க முடியாதுங்க, சுவரு சரியுது" என்று சொல்லிவிட்டுப் போனான். பிஷப் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆச்சி மகனின் கையைப் பிடித்து அழுத்தினார்.

"ஒரு பாட்டுதானேடா. வாசிச்சுட்டுப் போவட்டும்." பொன்னுத்தாய் பக்கம் திரும்பினார். "அப்புறம் எங்க ஆளுக்கு மிதிப்பேல்லடி?"

"மொதல்ல எம் புருசனுக்கு ஆகட்டுங்க ஆச்சி" என்றாள் பொன்னுத்தாய்.

ஆச்சி அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

ஐயர் பீடத்தில் ஏறி நின்று தொண்டையைச் செருமினார். அன்றைக்குத் தலையாட்டின அதே ஐயர்தான். "இந்தச் சபையின் விசுவாசி, ஆலயத்தில் ஊழியம் செய்த சகோதரன் ஜெக்கரியாவின் நினைவாக..." என்றார்.  விஷயம் தெரியாத பிஷப் மரியாதையாக எழுந்து நின்றார். பிஷப் எழுந்த பிறகு யார் உட்கார முடியும்? மாவட்டம் எழுந்தார். குஞ்சிதபாதம் எழுந்தார். பிள்ளைத் தெரு மொத்தமும், பட்டுச் சேலை பூராவும், ஜிப்பா பூராவும் எழுந்தது. எட்வர்டு கடைசியாக எழுந்தார். துரைராசு பிள்ளை ஒருத்தர்தான் படுத்திருந்தார்.

கீழே குழியில் மணி அடித்தது. முழங்கால் அளவு மழைத் தண்ணீர். பொன்னுத்தாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கட்டையில் ஏறினாள். இடது, வலது, இடது, வலது. துருத்தி ஊதிக்கொண்டு எழும்பியது. மேலே சாலமோன் வாத்தியார் அடக்கப் பாட்டை எடுத்தார். என்ன வாசிப்பு! அந்த மனுஷன் அன்றைக்கு அழுத அழுகையையெல்லாம் விரலில் வைத்திருந்தார். மரக்குழல் ஒவ்வொன்றும் தொண்டை திறந்து பாடியது. மழையைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, சேரிவரைக்கும் கேட்டது. "ஜெக்கரியா, ஜெக்கரியா" என்று சொல்லிச் சொல்லி மிதித்தாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. ஒரு சரணம்கூட விடாமல் வாசித்து முடித்தார் வாத்தியார்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஐயர் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஜெபம் செய்தார். வாத்தியார் கயிற்றை இழுத்தார். மணி அடித்தது. கட்டையில் கை வைத்தார். குழல் முனகி நின்றுவிட்டது. மறுபடி கயிற்றை இழுத்தார்.

பொன்னுத்தாய் பக்கவாட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"எங்க வீட்டு அடக்கம் முடிஞ்சுதுங்க ஆச்சி. ஒங்க வீட்டு அடக்கத்துக்கு ஒங்க வீட்டு ஆம்பளைங்கள எறங்கச் சொல்லுங்க. கதவு தொறந்துதான் கெடக்கு. பூட்டல."

"அடிப் பாவி!" என்றார் ஆச்சி.

"ஆமாங்க" என்றாள்.

எட்வர்டு கையை ஓங்கிக்கொண்டு வந்தார். பிஷப் "தம்பி!" என்று ஒரு அதட்டுப் போட்டதில் கை அந்தரத்திலேயே நின்றது. பொன்னுத்தாய் இறங்கிச் சந்து வழியாக நடந்து கோயில் மதிலோரம் போய்விட்டாள்.

உள்ளே பிள்ளைத் தெருப் பையன்கள் இருபது பேராவது இருந்தார்கள். கபடி ஆடுகிற கால்கள், காலேஜில் பந்து உதைக்கிற கால்கள். "யாராச்சும் போங்கப்பா" என்றது ஒரு குரல். "நீ போயேன்" என்றது இன்னொன்று. "அந்தக் குழியிலயா? நாளைக்கு எனக்கு யாரு பொண்ணு குடுப்பான்?" என்று ஒருத்தன் வாய்விட்டே சொன்னான். ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தார்கள். பிஷப் எட்வர்டைப் பார்த்தார். எட்வர்டு செருப்பைக் கழற்றிவிட்டு விறுவிறுவென்று சந்துக்குள் போனார். குழிக் கதவு வரைக்கும் போனார். குனிந்து உள்ளே பார்த்தார். மழைத் தண்ணீர், ரெண்டு மரக்கட்டை, அதன்மேல் சேற்றுக் கால் தடம். பெற்ற தகப்பனுக்காக நாலு படி. பின்னால் குஞ்சிதபாதம் குடையோடு நின்றார், அவருக்குப் பின்னால் ஊர் நின்றது.

எட்வர்டு நிமிர்ந்தார். திரும்பி வந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "பெட்டியத் தூக்குங்க" என்றார்.

வாத்தியார் ஆர்கன் மூடியைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் மழைச் சத்தம் மட்டும்தான். தேக்குப் பெட்டி பெரிய வாசல் வழியாக வெளியே வந்தது.

பிள்ளை ரோட்டில் நடந்தால் சேரி ஆள் எவனும் உட்கார்ந்திருக்கக் கூடாது. கோயில் மதில் ஓரத்துக் கல்லில் பொன்னுத்தாயும் ஜெயாவும் ஒரே சாக்குக்குள் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டி பக்கத்தில் வந்ததும் ஜெயாவுக்கு உடம்பு தானாக எழும்பப் பார்த்தது.

"அம்மா, எந்திரிச்சுக்கலாமா?" என்றாள் மெதுவாக.

பொன்னுத்தாய் அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"ஒக்காருடி. அவன் தாண்டிப் போற வரைக்கும் ஒக்காரு."